போர்க்காலக் காதல் நாவல்: லயத்துப் பெண்ணுக்குச் சிப்பாயின் கடிதம் எப்படி வந்து சேர்ந்திருக்கும்?

கொட்டகலை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடங்களாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1941 முதல் 1951 வரை. இடம் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். பையன் கான் (வடிகால்) வெட்டுகிறவன், பெண் கொழுந்தெடுக்கிறவள். தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கோச்சியில் (ரயிலில்) வந்து இறங்கும் சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்குள் ஓர் ஆசை விழுகிறது. திருச்சிப் பக்கம் பெரியப்பா ஊருக்குப் போய் இந்தியப் படையில் சேர்ந்துவிடுகிறான். அங்கிருந்து பர்மாப் போர்முனை. அவள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், காத்திருக்கிறாள்.

நூற்றுப்பத்துப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. அவனுடைய முதல் கடிதம் வருகிறது. ஓகஸ்ட் மாதத்து அடைமழையில் அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து வாசிக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு, "இவள் எந்த ஊர்ப் பெண்?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வரி நகரவில்லை.

வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால் உதவுங்கள்.

நோர்வூட் பேத்தி

உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி, அக்கா. முதலில், அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது. அந்தத் தலைமுறையில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போன பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. போனவர்களும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நடுவிலேயே நின்றவர்கள்.

இரண்டாவது, கடிதம் அவள் கைக்கு வராது. லயத்துக்கு ஏது விலாசம்? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். தோட்டத்துத் தபால்காரர் டவுனிலிருந்து பையைச் சுமந்துகொண்டு வந்து கந்தோரில், அதாவது தோட்டத்து அலுவலகத்தில், வைப்பார். கந்தோரில் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது பெயரைக் கூப்பிடுவார்கள்.

என் அம்மாயிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய அம்மா துறையூர்ப் பக்கம் ஊரிலேயே தங்கிவிட்டவர். ஒரு சம்பள நாளில் கடிதம் இருக்கிறது என்று சொன்னார்கள். அம்மாயி ஆசையோடு வாங்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். அவர் இஸ்தோப்பில் (வராந்தாவில்) நின்றபடியே, பேர் வாசிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தார். அம்மா இறந்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது என்பதை அம்மாயி அப்படித்தான் கேட்டார். சுற்றிலும் பதினைந்து பேர். அழுவதற்குக்கூட ஓர் இடம் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவார்.

உங்கள் கதைப்பெண்ணுக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனிமை கிடைக்காது. அவளுடைய காதல் கடிதத்தை ஓர் ஆண், பலர் முன்னிலையில், உரக்க வாசிப்பான். அங்கிருந்து தொடங்குங்கள்.

மஸ்கெலியா இளைஞன்

எனக்கு வேறொரு கேள்வி. நம் மக்களின் கதையில் வெள்ளைக்காரனின் சிப்பாய் எதற்கு? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அடுத்த வருடமே ஒரு தோட்டத்துப் பையன் அதே ஆட்சியின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டால், அவனை நான் எப்படி நேசிப்பேன்? தோட்டத்துரைமார் தங்களுக்கென்று ஒரு ரைபிள் படையே வைத்திருந்தார்கள். அதில் வெள்ளையர் தவிர வேறு யாரும் சேர முடியாது. அந்தக் காலத்தில் துப்பாக்கி என்றால் லயத்து ஆட்களுக்கு அந்த அர்த்தம்தான். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

கொட்டகலை வாசகி

தம்பி, தாண்டவில்லை. பெண்ணின் தகப்பன் அவனை மறுப்பது இதற்காகத்தான். சாதியும் இல்லை, சீரும் இல்லை. "சுடுகிறவனுக்கு என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்" என்று ஆறாம் அத்தியாயத்தில் சொல்லுகிறார். அவர் முல்லோயாவில் சொந்தக்காரர்கள் உள்ள மனிதர். பையனுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. அவன் துப்பாக்கிக்காகப் போகவில்லை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடாத ஓர் உலகத்துக்காகப் போகிறான். அங்கேயும் காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்கள் என்பதை முகாமில் இறங்கிய முதல் நாளே தெரிந்துகொள்கிறான்.

நோர்வூட்த் தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரவில் இரண்டு முறை வாசித்தேன். அம்மாயிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பண்டாரவளை ஓய்வாசிரியர்

மகள், நல்ல முயற்சி. நாற்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

கான் வெட்டுகிற பையனை நீங்கள் காலாட்படையில் சேர்க்க வேண்டியதில்லை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தமிழர்கள் அதில் ஏராளம். பாதை வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. சரிவான மலையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மண் எங்கே சரியும் என்பதைத் தோட்டத்துப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பர்மா எல்லை மலைகளில் அந்த அறிவுக்குப் பெரிய மதிப்பு இருந்திருக்கும். மஸ்கெலியாத் தம்பி கேட்ட கேள்விக்கும் இதில் பாதிப் பதில் உண்டு. அவன் கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டிதான் அதிக நேரம் இருக்கும்.

அடுத்து, காலவரிசை. 1942 மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் விழுந்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. கொழும்பிலிருந்து வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு மலைநாட்டுக்கு ஏறினார்கள். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்லும்போது "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷத்துப் பிள்ளை" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அரிசி பங்கீட்டுக்கு வந்து, கோதுமை மா லயத்து அடுப்புக்குள் நுழைந்ததும் அந்த வருடங்களில்தான். காத்திருக்கும் பெண் எதைச் சமைத்தாள் என்று எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கடிதம் பற்றி. அவன் பக்கத்திலும் தனிமை இல்லை. போர்முனைக் கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள். இடத்தின் பெயரை எழுதினால் மை பூசுவார்கள் அல்லது வெட்டி எடுப்பார்கள். இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை அவரவர் மொழியிலேயே வாசித்து, அவர்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிக்கை தயாரிக்க ஆட்கள் இருந்தார்கள். ஆக, அவன் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவளுக்கு முன்னால் தணிக்கைக்காரர் ஒருவர் வாசிக்கிறார், பிறகு கணக்கப்பிள்ளை வாசிக்கிறார்.

கடைசியாக ஒன்று. ஓகஸ்ட்டில் அடைமழை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொட்டகலைக்காரர், உங்கள் பக்கத்தில் தென்மேல் பருவமழை கொட்டும். உங்கள் கதை நடக்கும் ஊவாவில் அந்த மாதங்களில் மழை கிடையாது. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும். கொழுந்துக்கு மணம் ஏறுவது அந்தக் காற்றில்தான், ஊவாத் தேயிலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். ஆனால் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிகள் வற்றிவிடும்.

கொட்டகலை வாசகி

சேர், மழை விஷயத்தில் வெட்கமாக இருக்கிறது. மலைநாடு முழுவதும் ஒரே மழை என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன். திருத்துகிறேன். சாப்பர்ஸ் பற்றிச் சொன்னது எனக்குப் பெரிய உதவி. நான்காம் அத்தியாயம் முழுக்க மாறும், மாறட்டும்.

கண்டி நூலகப் பிரியன்

பதினோராம் அத்தியாயத்துக்கு உதவுமா என்று பாருங்கள். பர்மா எல்லைப் பக்கத்துக் கொஹிமாச் சண்டை 1944 ஏப்ரல் 4ஆம் திகதி தொடங்கி ஜூன் 22 வரை நடந்தது. அதே ஏப்ரலில்தான் மவுண்ட்பேட்டன் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவில் கொட்டகை போட்டு அலுவலகம் நடத்தினார்கள். நான் பேராதனையில் படித்த நாட்களில் அந்த மரங்களுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

உங்கள் பெண்ணின் நிலையை யோசியுங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் இருக்கும் மலை தேசப்படத்தில் குறிக்கப்பட்டு, அவள் கோச்சி ஏறினால் அரை நாளில் போய்விடக்கூடிய ஒரு பூங்காவில் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவள் பறித்த கொழுந்தின் சாயத்தைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருப்பார்கள். இதைக் கதாசிரியராக நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். பூங்காவில் வேலைக்குப் போன அவளுடைய அண்ணன் ஒருவன் லீவில் வந்து, "அங்கே பெரிய பெரிய தேசப்படம் மாட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

கண்டியில் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. பராமரிப்பு அருமையாக இருக்கும். ஒருமுறை வந்து பாருங்கள். இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், இங்கிலாந்துக்காரர், இலங்கையர் எல்லோரும் ஒரே புல்தரையில் கிடக்கிறார்கள். இருபது, இருபத்தொரு வயது. வயதைத்தான் நான் முதலில் வாசிப்பேன்.

கூடலூரிலிருந்து ஒரு மலையகத்தான்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், தங்கச்சி. நான் பிறந்தது லிந்துலையில். 1970களில் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன்.

உங்கள் கதையை 1951இல் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் பிரித்தது நான்கு வருடம். காகிதம் பிரித்தது ஒரு வாழ்நாள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மக்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும், 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்றே சொன்னோம். ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல், கோச்சி நகரும்வரை கூடவே ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் கல்யாணம் பேசி முடித்திருந்த ஓர் அக்காவும் அப்படி ஓடினார். அவருடைய பெயர் இலங்கைப் பட்டியலில் இருந்தது. மாப்பிள்ளை எங்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். ராமேஸ்வரம் வரும்வரை அவர் சாப்பிடவில்லை.

சிப்பாய் என்றால் எல்லோருக்கும் புரியும் ஒரு பிரிவு. எங்கள் பிரிவை எழுத ஆள் வேண்டும்.

மஸ்கெலியா இளைஞன்

அண்ணா, இதை நீங்கள் தனியாக எழுத வேண்டும். இழையில் ஒரு மூலையில் கிடக்கக் கூடாது.

பண்டாரவளை ஓய்வாசிரியர்

கூடலூர்த் தம்பி சொன்னதில் எனக்குப் பேச வாய் வரவில்லை. ஆனால் நாவலை 1951இல் முடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மகள் அதை யோசித்துத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் நம் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால், மணமாகாதவர் பத்து வருடமும் மணமானவர் ஏழு வருடமும் இந்த நாட்டில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த வசிப்பு அறுந்துபோனதாகக் கணக்கு. போர்முனையில் இருந்த பையன் விசாரணை மேசைக்கு முன்னால் போய் நின்றால் அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, அந்த வருடங்களில் எங்கே இருந்தாய் என்பதுதான்.

அதற்கு முன்பே அவன் திரும்பி வருவதும் லேசான காரியம் இல்லை. 1939 ஓகஸ்ட் 1 முதல் தொழில்திறன் இல்லாத கூலியாட்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்திருந்தது. இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதிக்கும் மண்டபம் முகாமைத் தாண்டித் தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது அவன் யார்? சிப்பாயா, கூலியா, இலங்கைக்காரனா? அவனிடம் இருக்கும் ஒரே காகிதம் படை கொடுத்த விடுவிப்புப் பத்திரம். அவளிடம் இருப்பது அவன் எழுதிய கடிதங்கள். எங்கே இருந்தான் என்பதற்கு அவை சாட்சி ஆகுமா? இடத்தின் பெயர் இருந்த இடமெல்லாம் மை பூசியிருக்கிறதே.

கொட்டகலை வாசகி

சேர், கடிதங்கள் சாட்சியாக மேசைமேல் வைக்கப்படும் காட்சி என் மனதில் இருந்தது. மை பூசிய இடங்கள் அங்கே பேசும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காட்சியை இனி வேறு மாதிரி எழுத முடியாது.

கூடலூர் அண்ணா, உங்களுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். 1951இல் நிறுத்துவதற்கு ஒரே காரணம், அதற்குப் பின்னால் உள்ளதைச் சொல்லும் உரிமை உங்களுடையது என்று நினைக்கிறேன். நான் அந்தக் கோச்சியில் ஏறியவள் இல்லை. அந்த அக்காவைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதுங்கள், அண்ணா. எனக்காக இல்லை.

நோர்வூட் பேத்தி

ஒன்று சேர்க்க வேண்டும். இதைப் பழைய காலக் கதையாக நினைத்துவிடாதீர்கள். நான் பட்டம் முடித்த வருடம் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் எனக்கு வந்தது. கந்தோரில் கிடந்து, தேர்வு நடந்து நான்கு நாள் கழித்து என் கைக்கு வந்தது. அதைக் கொடுத்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை, தவறு நடந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. லயத்தின் ஒவ்வொரு காம்பராவுக்கும் (அறைக்கும்) ஓர் இலக்கம், ஒரு விலாசம், வாசலில் ஒரு தபால்காரர் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் அந்தக் கடிதம் வரும் காட்சியில் நீங்கள் அவசரப்பட வேண்டாம் அக்கா. கந்தோர்ப் படியில் அவளைக் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். அம்மாயியிடம் இன்னொன்றும் கேட்டேன். எல்லோர் முன்னாலும் வாசிக்கும் கடிதத்தில் புருஷன் பெண்சாதிக்கு என்ன எழுதுவான் என்று. "மாட்டைக் கேட்பான், மழையைக் கேட்பான். கேட்கிறது எங்களைத்தான்" என்றார்.

கொட்டகலை வாசகி

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதிவிட்டேன். அம்மாயி சொன்ன சொல்லும், சேர் சொன்ன வற்றிய பீலியும்தான் இதை எழுதின. கதையில் பையனும் பெண்ணும் சந்தித்த இடத்தை மாற்றியிருக்கிறேன். காய்ந்த மாதங்களில் கீழ்ப் பீலி வற்றிவிடும், அங்கே யாரும் குடத்தோடு வர மாட்டார்கள். அதனால் அது அவர்களுடைய இடம் ஆயிற்று. ஒரு பகுதி மட்டும் இங்கே:

"கந்தோர் வாசலில் அவள் பேர் கூப்பிட்டபோது கூடையில் பதினெட்டு றாத்தல் கொழுந்து இருந்தது. அதை இறக்காமலே நின்றாள். உறை ஏற்கெனவே ஒருமுறை கிழித்து ஒட்டப்பட்டிருந்தது. கணக்கப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படியில் உட்கார்ந்திருந்த கிழவிகள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

சுகமாக இருக்கிறான். சாப்பாடு பரவாயில்லை. இருக்கும் இடத்தின் பெயருக்கு மேல் கறுப்பாக ஒரு பட்டை. குளிர் நம் தோட்டத்துக் குளிர் மாதிரியே. மாமாவுக்கு வணக்கம். கறுப்பிப் பசு கன்று போட்டுவிட்டதா? பெரியவர்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். கீழ்ப் பீலியில் தண்ணீர் வந்துவிட்டதா?

'இவ்வளவுதான்' என்று கணக்கப்பிள்ளை மடித்தார். 'பயல் பீலியைக்கூட மறக்கவில்லை, பாரேன்' என்றாள் ஒரு கிழவி. அவளுக்குக் கழுத்துவரை சூடு ஏறியது. கூடைக் கயிற்றை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

'பதில் ஏதாவது எழுத வேண்டுமா?'

'பசு கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று என்று எழுதுங்கள் ஐயா.' கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். 'கீழ்ப் பீலியில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வேறு யாரும் குடம் வைக்கவும் இல்லை. அதையும் எழுதிவிடுங்கள்.'"

பண்டாரவளை ஓய்வாசிரியர்

எதையும் மாற்றாதீர்கள், மகள். றாத்தல் கணக்கு ஒன்றுதான். வறண்ட மாதத்தில், மத்தியான நிறுவைக்கு முன்னால், ஊவாவில் ஒருத்தி பதினெட்டு றாத்தல் எடுப்பது கஷ்டம். பத்து என்று போடுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு மலையகத்தான்

அந்த அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள் தங்கச்சி. இரண்டு வரி போதவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பதினான்கு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் கோச்சி தலைமன்னாரை அடையவில்லை.

நோர்வூட் பேத்தி

அக்கா, நேற்று இரவு அம்மாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டார்: "கணக்கப்பிள்ளை அதை எழுதினாரா?"